அனுமதி இல்லாத ஆள்

அந்தக் கதவைத் திறந்ததும் கத்த வேண்டும். விதி அப்படி.

“அனுமதி இல்லாத ஆள் உள்ள வருது!”

துணை இயக்குநர் கத்துவார். சன்னலே இல்லாத அந்தப் பெரிய உள்ளறையின் கூரையில் ஆரஞ்சு விளக்கு ஒன்று சுழலத் தொடங்கும். உள்ளே இருப்பவர்கள் திரைகளை அணைப்பார்கள். மேசையில் கிடக்கும் தாள்களைக் கவிழ்ப்பார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலத்தின் பொதுப் பாதுகாப்பு இயக்குநர் உள்ளே காலெடுத்து வைக்கலாம். அதாவது, அந்த அறைக்கே தலைவி.

‘வர்றாங்க’ என்றும் கத்தலாம். ‘வருது’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அது துணை இயக்குநர் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

அவள் முப்பது வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு வந்தவள். அமைச்சர் நேராகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். நாற்காலி கொடுப்பது அமைச்சர் கையில் இருக்கிறது. ரகசிய அனுமதி அவர் கையில் இல்லை. அதை மத்திய அரசிலிருந்து தர வேண்டும். மிரட்டல், சதி, வெடிமருந்து என்று அங்கிருந்து வரும் தகவல்களைக் கண்ணால் பார்க்க அந்த அனுமதி இருந்தே ஆக வேண்டும். பிறந்ததிலிருந்து குடியிருந்த வீடுகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கடன், குடிப்பழக்கம், வெளிநாட்டுச் சொந்தம் என்று ஒருவருடைய வாழ்க்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவளுடைய விசாரணை முன்னாள் கணவரில் வந்து நின்றுவிட்டது. அந்த ஆள் வேறொரு நாட்டில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். விசாரணைக் கடிதம் எதற்கும் பதில் போடுவதில்லை.

அனுமதி வரும்வரை இந்தக் கட்டடத்துக்குள் அவள் தனியாக நடமாடக் கூடாது. அனுமதி உள்ள ஒரு மூத்த அதிகாரி கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டு கூட நடக்க வேண்டும். மூத்த அதிகாரி என்றால் துணை இயக்குநர்தான். அந்த நாற்காலிக்கு இத்தனை வருஷம் காத்திருந்தவரும் அவர்தான்.

வாயால் ‘மேடம்’ என்பார். மனதுக்குள் அவள் வெறும் அவள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘விருந்தாளி’. வைத்தது யார் என்று அவள் கேட்டதில்லை. தெரிந்திருக்கும்.

அவள் கழிப்பறைக்குப் போனால், உள்ளறையில் தொலைபேசி எடுக்கும் பெண் எழுந்துவந்து வாசலில் நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தே அதிக நாள் ஆகாத பெண். வெளியே வரும்போது ஒருமுறை இயக்குநர் துணை இயக்குநரிடம் கேட்டாள்.

“உள்ள தரை துடைக்கிற அம்மாவுக்குக்கூட அனுமதி இருக்கு இல்ல?”

“இருக்கு மேடம். அவங்க வீட்டுக்காரர் உள்ளூர்லயே இருக்கார். கேட்டா பதில் சொல்றார்.”

தொலைபேசிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“முப்பது வருஷம் நெருப்போட இருந்திருக்கேன். புகைய மோந்து பாத்தே என்ன எரியுதுன்னு சொல்லிடுவேன். உங்ககிட்ட வர்றது நாற்காலி எரியிற வாசனை.”

அவர் சிரித்தார். வேறு என்ன செய்வது? ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த வாக்கியம் சட்டைக்குள் விழுந்த முடிபோல அரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலடியாக அவர் விதியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மின்தூக்கியில் அவளுக்கு முன்னால் ஏறினார். அவளுடைய அறைக் கதவைச் சாத்த விடவில்லை. அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் இமைப்புக்குக்கூட அவளைப் பார்வையிலிருந்து விட்டதில்லை என்பது கட்டடம் முழுக்கப் பேச்சானது. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு காலையில் மத்தியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். துணை இயக்குநரை உள்ளறைக்கு அழைத்தார்கள். இயக்குநர் வெளியே நடைவழிப் பலகையில் உட்கார்ந்தாள். தொலைபேசிப் பெண் காவலுக்கு நின்றாள்.

விஷயம் சின்னதாக இருந்தது, பயங்கரமாகவும் இருந்தது. ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில், இன்று முற்பகலில், ஏதோ நடக்கலாம். தகவல் சொன்னவன் நம்பகமானவனா என்று இன்னும் தெரியாது.

“நீங்க ஒன்னும் பண்ண வேணாம்,” என்றார் வந்தவர்களில் மூத்தவர். “எங்க ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்பப் போய் சுரங்கத்தை மூடினா, நமக்குத் தெரியும்னு அதைப் பண்ணப்போறவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும். அப்புறம் எல்லாம் வீண்.”

“சரி.”

“உங்க இயக்குநருக்கு...?”

“அவங்களுக்கு அனுமதி இல்ல,” என்றார் துணை இயக்குநர். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டோமோ என்று பிறகு தோன்றியது.

அவர் வெளியே வந்ததும் தொலைபேசிப் பெண் உள்ளே ஓடினாள். பலகையிலிருந்து இயக்குநர் எழுந்தாள்.

“முகம் வெளுத்துக் கிடக்கு. என்ன விஷயம்?”

“சொல்ற மாதிரி ஒன்னும் இல்ல மேடம்.”

“எதையாவது மூடணும், காலி பண்ணணும்னா கையெழுத்துப் போட வேண்டியது நான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. போடறதுக்கு ஒன்னும் இல்ல.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் அந்த மௌனத்தை நீளவிட்டார். மௌனங்களைத் தரம் பிரிக்க அவருக்குத் தெரியும். அந்த உள்ளறையில் கழித்த காலம் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். தெரியாதவரின் மௌனம் ஒரு மாதிரி, தெரிந்துகொண்டு சொல்லாதவரின் மௌனம் வேறு மாதிரி. இரண்டாவது வாயில் வைத்துக் கரையவிடும் கற்கண்டுபோல. அவர் அதைச் சுவைத்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் நினைவுக்கு வந்தாள். இன்றைக்கு அவளுக்குச் செய்முறைத் தேர்வு. கல்லூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

உள்ளறைக்குள் கொண்டுபோகக் கூடாத கைபேசிகளை வைக்கும் பெட்டி நடைவழியில்தான் இருந்தது. அதில் தமது தடுப்பைத் திறந்து கைபேசியை எடுத்தார். விருந்தாளியை விட்டுவிட்டுத் தள்ளிப் போக முடியாது. அவள் கண்ணோரத்தில் தெரியும்படி சுவர்ப் பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டு வீட்டுக்குப் பேசினார்.

“பாப்பா கிளம்பிட்டாளா?”

“செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கா. ஏங்க?” என்றாள் மனைவி.

“சுரங்கப்பாதை வழியா போக வேணாம்னு சொல்லு. பாலம் வழியா போகட்டும்.”

“பாலத்துல பஸ் போகாதுங்க.”

“ஒரு கார் புடிச்சு ஏத்தி விடு.”

“காரா! போன வாரம் கொட்டுற மழையில தொப்பலா நனைஞ்சு வந்தா, அப்பக்கூட கார் வேணாம்னீங்க. இப்ப என்ன திடீர்னு பொண்ணு மேல பாசம் பொங்குது?”

“கேள்வி கேக்காத. மதியம் வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போக வேணாம். நீயும்தான்.”

கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினார். அவள் நின்ற இடத்தில் இல்லை. நடைவழியின் கோடியில் தன் அறையை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவர் பின்னால் ஏறக்குறைய ஓடினார். ஓடும்போதுதான் அவள் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் என்பது உறைத்தது.

மேசைத் தொலைபேசியில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“இயக்குநர் பேசறேன். ஆத்துச் சுரங்கம், ரெண்டு வாயையும் அடைங்க. உள்ள இருக்கிற வண்டிய எல்லாம் வெளிய எடுங்க... காத்தாடி சோதனை. ஆமா, இன்னிக்குத்தான். ஆமா, இப்பவேதான்... திட்டட்டும். புகைய வெளியேத்துற காத்தாடி ஓடலன்னா உள்ள இருக்கிறவன் கதி என்னன்னு நான் பாத்திருக்கேன்பா. நீ பாக்க வேணாம். அடை.”

தொலைபேசியை வைத்தாள்.

“மேடம், இது...”

“எது?”

“நீங்க கேட்டது...”

“நான் என்ன கேட்டேன்? சொல்ற மாதிரி ஒன்னும் இல்லன்னு சொன்னது யாரு?”

“மத்தியிலேர்ந்து வந்தவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க.”

“இருக்கட்டும். காத்தாடி சோதனை பண்றதுக்கு எந்த ரகசிய அனுமதி வேணும்? சொல்லுங்க, வாங்கிக்கறேன்.”

அன்று மாலைவரை நகரம் நின்றுவிட்டது. பாலத்தில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டு ஆம்புலன்ஸ்கள் சுற்றிக்கொண்டு போயின. காத்தாடி ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே சுற்றின. சுரங்கத்தில் எதுவும் நடக்கவில்லை. மூடியதால் நடக்கவில்லையா, நடக்கவே இருந்ததில்லையா என்பது யாருக்கும் தெரியாது; இனித் தெரியப்போவதும் இல்லை. அமைச்சர் தொலைபேசியில் கத்தியது நடைவழிவரை கேட்டது. மத்தியிலிருந்து வந்தவர்கள் கத்தவில்லை. அவர்கள் ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனார்கள்: அனுமதி இல்லாத ஒருத்திக்கு இது எப்படித் தெரிந்தது?

அவளுடைய அனுமதியை விசாரித்துக்கொண்டிருந்த அதே அதிகாரியிடம் அந்தக் கேள்வியும் போய்ச் சேர்ந்தது. பணி ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலைக்கென்று கூப்பிட்டு வைத்திருந்த மனிதர். எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்பார். முதலில் அவளை உட்காரவைத்துக் காலை முழுக்க விசாரித்தார். வெளியே வந்தவள் ஒரு குவளைத் தண்ணீரை நின்றபடி குடித்தாள்.

“என்ன கேட்டார்?” என்றார் துணை இயக்குநர், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

“சொல்ற மாதிரி ஒன்னும் இல்ல,” என்றாள்.

அவருடைய முறை மறுநாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“தெரியாதுன்னு சொல்லிட்டு வாங்க. இதுல என்ன யோசனை? அந்தம்மாவுக்கு எங்கேயோ ஆள் இருக்குன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. அதுக்குத்தானே ஏற்கனவே வெளிநாட்டுல ஒரு புருஷன் இருக்கான்.”

“முன்னாள் புருஷன்.”

“முன்னாளோ பின்னாளோ. அவங்க போனா அந்த இடம் யாருக்கு? இத்தனை நாள் தூக்கத்துல புலம்பினது யாரு?”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“என் வகுப்புல எல்லாரும் அன்னிக்கு அந்த பஸ்லதான்பா வந்தாங்க. சுரங்கத்து வாசல்ல மாட்டிக்கிட்டு, பரீட்சைக்கு நேரமாச்சுன்னு அழுதுகிட்டே பாலத்து வழியா ஓடிவந்தாங்க. நான் மட்டும் கார்ல போய் ஜம்முனு இறங்கினேன்.” தண்ணீரை எடுத்துக் குடித்தாள். “உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியுமான்னு ஒருத்தி கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாதுன்னேன். வேற என்ன சொல்ல?”

அன்று படுத்தபின் கணக்கைப் பல விதமாகப் போட்டுப் பார்த்தார். அவள் ஏற்கனவே உண்மையைச் சொல்லியிருந்தால், ‘தெரியாது’ என்பது பொய்யாகிவிடும். பொய் சொன்னவனுக்கு அனுமதியும் கிடையாது, வேலையும் கிடையாது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால், உண்மையைச் சொல்லித் தன் கழுத்தைத் தானே நீட்ட வேண்டும். அவள் எதைச் செய்திருப்பாள்? இத்தனை நாள் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்த ஒருத்தியைப் பற்றி இந்த ஒன்றைக்கூட ஊகிக்க முடியவில்லை என்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. அவள் சாப்பாட்டில் எதை ஒதுக்குவாள் என்று தெரியும். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பாள் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

விசாரணை அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். சின்ன அறை, இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை.

“மத்தியிலேர்ந்து வந்தவங்க உங்ககிட்ட பேசும்போது உங்க இயக்குநர் எங்க இருந்தாங்க?”

“வெளிய. காவலோட.”

“சரிங்க. அப்புறம்?”

“அப்புறம் என்கூட.”

“நடுவுல வேற யாராவது அவங்ககிட்ட பேசினாங்களா? போன் ஏதாவது?”

“இல்ல.”

“சரிங்க.” அதிகாரி பேனாவை மூடினார். “அப்படின்னா ரெண்டு வழிதான் இருக்கு பாருங்க. ஒன்னு, நீங்க கொஞ்ச நேரம் கண்ணை எடுத்திருக்கணும். அந்த இடைவெளியில யாரோ அவங்களுக்குச் சொல்லியிருக்கணும். பாத்ரூமுக்குப் போயிருப்பீங்க, மனுஷன்தானே. அது ஒன்னும் பெரிய குத்தம் இல்ல.”

இரண்டாவது வழியை அவர் சொல்லவில்லை.

துணை இயக்குநருக்குப் புரிந்தது. இந்தக் கிழவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ‘ஆமாங்க, ஒரு நிமிஷம் போனேன்’ என்றால் போதும். கண்டிப்புக் கடிதம் ஒன்று வரும். அவள் போய்விடுவாள். நாற்காலி வந்துவிடும். வாக்கியம் நாக்குநுனியில் தயாராக நின்றது. 

அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத மனிதர். துணை இயக்குநர் அந்த மௌனத்துக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இது எந்தத் தரம் என்று பிரிக்க முடியவில்லை. கண்ணை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் முடியவில்லை. அவளுக்குக் கெடுதல் செய்யத்தான் அவர் அத்தனை கச்சிதமாகக் கூட நடந்தார். ஆனால் அதை ஒழுங்காகத்தான் செய்தார். வாழ்க்கையில் ஒரு பிசிறுகூட இல்லாமல் செய்த வேலை அதுதான். அதைப் போய்ச் செய்யவில்லை என்று சொல்வதா? அதுவும் அவளுக்கு எங்கெங்கோ ஆள் இருக்கிறது, பெரிய கைகாரி என்று பெயர் வாங்கிக்கொடுப்பதற்கா? அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவரிடமிருந்து தெரிந்ததுதான்.

“நான் கண்ணை எடுக்கல,” என்றார். குரல் கோபமாக வந்தது. “ஒரு நொடிகூட எடுக்கல. என் வீட்டுக்கு போன் பண்ணினேன். பொண்ணை சுரங்கத்து வழியா அனுப்பாதன்னு சொன்னேன். அவங்க பக்கத்துல நின்னாங்க.”

“சரிங்க.” பேனா மீண்டும் திறந்தது. “அவங்க கேக்கட்டும்னுதான் பேசினீங்களா?”

ஆமாம் என்றால் ஒருவேளை நல்லவனாகலாம். வாயால் சொல்ல முடியாததைச் சுற்றிவளைத்துச் சொல்லி ஊரைக் காப்பாற்றியவன். சட்டப்படி குற்றம், ஆனால் மகள் முகத்தைப் பார்க்கலாம்.

“இல்ல,” என்றார். “அவங்க அங்க நிக்கிறாங்கன்னே எனக்குத் தோணல. மறந்துட்டேன்.”

“கண்ணை எடுக்கலன்னீங்க.”

“எடுக்கல. ஆனா மறந்துட்டேன். தினமும் கூடவே தூக்கிக்கிட்டு அலையிற பை மாதிரி... பைக்கு காது இருக்கும்னு யாருங்க நினைப்பா?”

இந்த முறை அதிகாரி ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டுக் கையை நீட்டினார். துணை இயக்குநர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

“நேத்து இதே கேள்விய அவங்ககிட்டயும் கேட்டேன்,” என்றார் அதிகாரி. “‘அவரையே கேளுங்க’ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. காலை முழுக்க உக்காந்திருந்தோம்.”

“அவங்க அனுமதி?”

“அது இனிமே இன்னும் நாளாகும். நீங்க வெளிய காத்திருங்க. உங்களைக் கூட்டிக்கிட்டுப் போக ஆள் தேடணும்.”

நடைவழிப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூட நடக்க ஆள் இல்லாததால் காலையிலிருந்து அங்கேயே. அவருடைய கழுத்தைப் பார்த்தாள், அட்டை இல்லாததைப் பார்த்தாள். அவர் பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“பொய் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.”

“நானும்தான்.”

“நன்றி எல்லாம் எதிர்பார்க்காதீங்க.”

“உங்ககிட்ட எதையும் எதிர்பார்க்கல மேடம்.”

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பேசியபோது குரலில் பழைய எகத்தாளம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

“எங்கிட்ட சொல்லக் கூடாது, சரி, விதி. உங்க வீட்டம்மாவுக்கு எந்த அனுமதி இருக்குன்னு சொன்னீங்க?”

அவர் முழங்கால்களைப் பார்த்தார்.

“அவ்வளவு பேர் போற பாதை. உங்க பொண்ணு ஒருத்திய மட்டும் எடுத்து வெளிய வச்சுட்டு, போனைக் காதிலேர்ந்து எடுத்தீங்க. நான் அந்த முகத்தைப் பாத்தேன். நிம்மதியா இருந்தது. நிஜமாவே நிம்மதியா இருந்தது. அவரையே கேளுங்கன்னு சொன்னது உங்களைக் காப்பாத்த இல்ல. அதை உங்க வாயாலயே சொல்லணும்னுதான்.”

அவர் சொல்லியிருந்தார், போன் செய்ததை. அந்த நிம்மதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை யாரும் பார்த்திருப்பார்கள் என்றும் நினைக்கவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. தொலைபேசிப் பெண் தலையை நீட்டினாள். முகத்தில் ரத்தமில்லை.

“மத்தியிலேர்ந்து லைன் வந்திருக்கு. அவசரமாம். பெரியவங்க யாராவது எடுக்கணுமாம்.” இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் என்ன சொல்லட்டும்?”

பழக்கத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டடி நடந்தும்விட்டார்.

“உக்காருங்க,” என்றாள் இயக்குநர். பிறகு அந்தப் பெண்ணிடம், “இப்ப உனக்குத்தான் அனுமதி இருக்கு, நீயே எடும்மா. கேட்டுக்கோ. எங்ககிட்ட சொல்லாத. ஆனா எதை மூடணும்னு தோணுதோ, அதை மட்டும் வந்து சொல்லு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அவர் திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தார்.